கத்தி திரும்பி வரும்

தற்காப்பு வகுப்புகளில் கத்திக்கு எதிரான பாடம் என்று ஒன்று வரும். அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எதிரே நிற்பவர் ஒரு நீளமான அடி முன்வைத்து, றப்பர் கத்தியை எங்கள் வயிற்றை நோக்கி நேராக நீட்டுவார். நீட்டிய கையோடு அப்படியே நிற்பார். நாங்கள் பக்கவாட்டில் விலகி, மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, கத்தியைப் பறித்து, ஆளை நிலத்தில் கிடத்துவோம். சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். பரிசளிப்பு விழாக்களில், கண்காட்சிகளில் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பிரச்சினை ஒன்றுதான். உலகத்தில் எந்தக் கத்திக்காரனும் குத்திய கையை நீட்டியபடி வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்து நிற்பதில்லை. போன வேகத்திலேயே கை திரும்பி வரும். வந்து மறுபடியும் போகும். தையல் மெசின் ஊசி மாதிரி. மற்றக் கை சும்மா தொங்கிக்கொண்டிருக்காது. அது எங்கள் சேட்டைப் பிடித்து இழுக்கும், முகத்தைத் தள்ளும், கண்ணை மறைக்கும். சண்டைகள் பதிவான சிசிரிவி காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பல நேரங்களில் குத்து வாங்கியவருக்கே தனக்கு விழுந்தது குத்து என்று உடனே தெரிவதில்லை. யாரோ கையால் அடிக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பழகுகிற பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். கராத்தே பழகியவர்கள் இருக்கிறார்கள், சிலம்பம் பழகியவர்கள் இருக்கிறார்கள், ஒன்றுமே பழகாமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சக் காலமாக நாங்கள் மினக்கெட்டுப் பார்த்த கேள்வி இதுதான்: கத்திக்கு எதிரான பயிற்சியை உண்மைக்குக் கிட்டக் கொண்டுவருவது எப்படி? வித்தை காட்டுவதற்காக இல்லை. 'வாள்வெட்டு' என்ற தலைப்பைக் கண்டால் நின்று வாசிக்காமலே அடுத்த செய்திக்குப் போகப் பழகிவிட்ட ஊர் இது. இங்கே ஒரு பெடியனுக்குப் பொய்யான துணிச்சலைக் கொடுத்து அனுப்புவது அவனுடைய உயிரோடு விளையாடுகிற வேலை.

பழைய முறையை முழுதாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நின்று, நிதானமாக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் உடம்புக்கு அது பழகும். எழுதப் பழகுகிற பிள்ளை மண்ணில் 'அ' போடுகிற மாதிரி. ஆனால் 'அ' போட்டு முடிந்ததும் கடிதம் எழுதத் தெரியும் என்று ஒருவரும் சொல்வதில்லை. தற்காப்பு வகுப்பில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கேள்வி எங்களோடு தொடங்கியதும் இல்லை. 1882இல் கோடோகானை நிறுவி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, வடிவப் பயிற்சியான 'கத்தா'வோடு 'ரந்தோரி'யையும் வைத்தார். ரந்தோரியில் எதிராளி ஒத்துழைக்க மாட்டார். அவரும் எங்களை வீழ்த்தத்தான் பார்ப்பார். கானோவிடம் ஜூடோவும் மொரிஹேய் உஎஷிபாவிடம் ஐகிடோவும் பயின்ற கென்ஜி தொமிகி, ஐகிடோவுக்குள் இதே யோசனையைக் கொண்டுவந்தார். அவருடைய முறையில் நடக்கும் போட்டி ஒன்றில் ஒருவர் கையில் மென்மையான போலிக் கத்தி இருக்கும், மற்றவர் வெறுங்கை. கத்தி வைத்திருப்பவர் உண்மையாகவே குத்தப் பார்ப்பார், குத்தினால் அவருக்குப் புள்ளி. பாதி நேரம் முடிந்ததும் கத்தி கைமாறும். அந்தப் போட்டிக்கும் விதிகள் இருக்கின்றன, அதுவும் தெருவில்லை. ஆனாலும் ஒரு விசயத்தை அது ஒத்துக்கொள்கிறது: கத்தி வைத்திருப்பவருக்கும் வெல்ல ஆசை இருக்கும்.

நாங்கள் மாற்றியதும் முதலில் அதைத்தான். பாதுகாப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அப்படியே விட்டுவிட்டு, குத்துபவர் என்ன செய்யலாம் என்பதை மாற்றினோம். கையைத் திருப்பி இழுக்கலாம். ஒன்றல்ல, ஐந்து தரம் குத்தலாம். மற்றக் கையால் பிடிக்கலாம், தள்ளலாம். கத்தியை முதலிலேயே காட்ட வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால், சாரத்து மடிப்பில், பைக்குள் வைத்திருக்கலாம். குத்தாமலே விடவும் செய்யலாம். இவ்வளவுதான். புதிதாக ஒரு பூட்டோ பிடியோ நாங்கள் கற்கவில்லை. இந்த மாற்றத்தோடு மண்டபத்தின் சிரிப்புச் சத்தம் குறைந்துவிட்டது.

எங்கே எத்தனை விழுந்தது என்று தெரிவதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. பழைய வெள்ளை ரீ சேட் போடுவது. றப்பர் கத்தியின் விளிம்பில் லிப்ஸ்ரிக் பூசுவது. (யாருடைய அக்காவின் லிப்ஸ்ரிக் என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.) ஒரு சுற்று ஐந்தாறு செக்கன்தான். முடிந்ததும் சேட்டைப் பார்க்கலாம். "எனக்குப் படேல்ல" என்று சொல்ல முடியாது. கோடு விழாத சேட் மிக அபூர்வம். நன்றாகப் பழகியவர்களுக்கும் விழும். என்ன வித்தியாசம் என்றால், அவர்களுக்குக் கையிலும் முழங்கைக்கு வெளியிலும் விழும். பழகாதவர்களுக்கு வயிற்றிலும் விலாவிலும் கழுத்தோரமும் விழும். பயிற்சியால் கிடைக்கிற இலாபம் அந்த வித்தியாசம்தான். சின்ன இலாபம் என்று சொல்ல மாட்டோம், உயிர் தப்புவது அதில் இருக்கலாம். ஆனால் திரைப்படத்தில் வருகிற இலாபம் அது இல்லை.

இன்னொரு தடையும் இருந்தது, அது எங்கள் பண்பாட்டில் இருந்து வந்தது. வயது குறைந்தவர் மூத்தவரைக் குத்த மாட்டார். "அண்ணைக்கு எப்பிடி உண்மையா குத்துறது?" என்று கையை மெதுவாகவே நீட்டுவார். மாணவர் மாஸ்டரின் பூட்டுக்குத் தானாகவே விழுவார். மரியாதை என்ற பெயரில் எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருப்போம். இதை உடைத்தது எங்கட மாஸ்டர்தான். அறுபதைத் தாண்டியவர். தானே வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். இருக்கிறவர்களிலேயே சின்னவனைக் கூப்பிட்டுக் கத்தியைக் கொடுத்தார். "தம்பி, மாஸ்டர் எண்டு பாக்காதை. குத்து." அவன் குத்தினான். சேட் முழுக்கச் சிவப்புக் கோடு. மாஸ்டர் அதைக் கழற்றி எல்லோருக்கும் விரித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "நான் காட்டினதை நம்பி ஒரு பெடியன் ஓடாமல் நிண்டு குத்து வாங்கினா அதுக்கு ஆர் பொறுப்பு? நான்தானே." அதற்குப் பிறகு யாருக்கும் தன் சேட்டில் விழுந்த கோட்டைக் காட்ட வெட்கம் இருக்கவில்லை.

அடுத்தது தூரம். அமெரிக்காவில் சோல்ற் லேக் சிற்றி பொலிஸில் பயிற்றுநராக இருந்த டெனிஸ் டூலர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். உறையில் இருக்கும் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட ஒரு பொலிஸ்காரருக்கு ஏறக்குறைய ஒன்றரை செக்கன் வேண்டும். அந்த ஒன்றரை செக்கனில் கத்தியோடு ஒருவர் எவ்வளவு தூரம் ஓடி வரலாம் என்று அவர் பார்த்தார். கிடைத்த விடை 21 அடி. துப்பாக்கி வைத்திருப்பவருக்கே அந்தத் தூரம் தாராளமில்லை. நாங்கள் மண்டபத்தில் நாடா பிடித்து 21 அடியை வெண்கட்டியால் கோடு போட்டோம். ஆறரை மீற்றர்கூட வராது. ஒருவர் ஒரு முனையில் நின்று ஓடி வர, மற்றவர் திரும்பி வாசல் பக்கம் போகத் தொடங்குவதற்குள் ஆள் முதுகில் நிற்கிறார். வகுப்பில் நாங்கள் பழகுகிற 'இரண்டு அடி தூரத்தில் கத்தியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிற' காட்சி எவ்வளவு பிந்திய காட்சி என்பது அப்போதுதான் கால்களுக்கு விளங்குகிறது. கண் கண்டதற்குக் கை அசையவே ஏறக்குறைய கால் செக்கன் போய்விடும். அதற்குள் ஒரு குத்து வந்து போகலாம்.

ஆகவே கத்தி வெளியே வருவதற்கு முன்னான நேரத்தையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தோம். எங்கள் ஊரில் வன்முறை எங்கோ இருட்டிலிருந்து பாய்ந்து வருவதைவிடக் கதையோடு தொடங்குவதுதான் அதிகம். ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து நிற்கும். "தம்பி, ஒரு நிமிசம் நில். நீயோ நேற்று ரவுணுக்க எங்கட பெடியனோட கொளுவினது?" இந்த ஒரு வசனத்தோடு சுற்றுத் தொடங்கும். பாதுகாப்பவருக்குக் கத்தி இருக்கிறதா என்று தெரியாது. கதைத்துத் தணிக்கலாம், பின்னால் நகரலாம், பிழை தன்னில் இல்லாவிட்டாலும் "குறை நினைக்காதேங்கோ அண்ணை" என்று சொல்லலாம். எதிராளியின் ஒரு கை தெரியவில்லை என்பதைக் கவனிக்கலாம். அவர் தோளுக்கு மேலால் வேறு யாரையோ பார்க்கிறாரா என்று கவனிக்கலாம். பாதிச் சுற்றுகள் கத்தியே இல்லாமல் முடியும்படி வைத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் எங்கும் கத்தியையே தேடுகிற ஆட்களாக மாறிவிடுவோம், அதுவும் ஒரு நோய்தான்.

உடுப்பும் இடமும் அடுத்த விசயம். கராத்தே உடுப்போடு, வெறுங்காலோடு, மட்டமான தரையில் பழகுகிற உடம்பு ஒழுங்கையில் வேறு உடம்பாகிவிடுகிறது. அதனால் சாரத்தோடு பழகினோம், செருப்போடு பழகினோம், பஞ்சாபியோடும் தோளில் ரியூசன் பையோடும் பழகினோம். மண்டபத்துக்கு வெளியே மதிலுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையிலான ஒடுக்கமான இடத்தில் பழகினோம். கையில் இருப்பதைப் பாவிக்கப் பழகியது அங்கேதான். புத்தகப் பையை முன்னால் பிடித்தால் அது கேடயம். பிளாஸ்ரிக் கதிரையின் நாலு காலும் எதிராளியை ஒரு கை தூரத்தில் நிறுத்தும். தள்ளிக்கொண்டு போகிற சைக்கிளை இடையில் நிறுத்தினால் அவர் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்த இரண்டு செக்கன் எங்களுக்குச் சொந்தம். மணிக்கட்டு முறுக்குவதைவிட இந்தக் கதிரை எத்தனையோ சேட்டுகளைக் காப்பாற்றியது.

அந்த இரண்டு செக்கனை வைத்து என்ன செய்வது? ஓடுவது. நாங்கள் எழுத வேண்டும் என்று நினைத்த முக்கியமான விசயம் இதுதான். எந்த வகுப்பிலும் ஓடுவதைப் பழக்குவதில்லை. சுற்று முடிவது எப்போதும் எதிராளி நிலத்தில் கிடப்பதோடுதான். எங்கள் சுற்றுகளில் வாசலைத் தாண்டினால்தான் முடிவு. கத்தியைப் பறித்துவிட்டு நடுவில் நிற்பவருக்குக் கணக்கில்லை. வாசலைத் தாண்டி, வெளியில் இருக்கிற ஆட்களை நோக்கிச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியவருக்குத்தான் கணக்கு.

சொல்ல இலகு. பெடியளை ஓட வைப்பது எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கால் இல்லாமல் இல்லை, மனம் விடாது. 'ஓடினவன்' என்ற பட்டம் எங்கள் ஊரில் கத்திக் காயத்தைவிட நீண்ட நாள் நிற்கும். பள்ளிக்கூட மதிலடியில், சந்தியில், வட்ஸ்அப் குழுவில் அது திரும்பத் திரும்ப வரும். அதனால் மண்டபத்தில் யாரும் இல்லாத நேரத்தில்கூட, லிப்ஸ்ரிக் பூசிய றப்பர் துண்டுக்கு முன்னால்கூட, ஒருவன் பின்வாங்க மாட்டேன் என்று நிற்கிறான். பெண் பிள்ளைகள் இதில் எங்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "ஓடினா மானம் போகும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? நாங்கள் சின்னனில இருந்து ஓடித்தானே வீட்டை வந்து சேருறம்." மண்டபத்தில் யாருக்கும் பதில் இல்லை.

அவர்கள் இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். கத்தி எப்போதும் தெருவில் தெரியாத ஆளின் கையில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? வீட்டுக் குசினியில் இருக்கிறது. அதைத் தூக்குபவர் தெரிந்தவராக, உறவாக, ஒரு காலத்தில் அன்பு காட்டியவராக இருக்கலாம். அப்போது ஓட வேண்டிய வாசலுக்கு முன்னால் அவர்தான் நிற்பார். இப்படி ஒரு சுற்றைச் செய்து பார்த்தோம். கதவு பூட்டிய சின்ன அறை, எதிரே "தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேள்" என்று கதைக்கிற ஒருவர். அடிக்கக் கை வரவில்லை. மாமா, அத்தான், அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்குச் சத்தம் போடவும் வரவில்லை. அதனால் சத்தம் போடுவதையே தனியாகப் பழகினோம். அந்த நிலைமைக்கு முழுப் பதில் எந்தத் தற்காப்பு வகுப்பிலும் கிடைக்காது. போகக்கூடிய ஒரு வீடு, நம்பி அழைக்கக்கூடிய ஒரு ஆள், முன்கூட்டியே யோசித்து வைத்த ஒரு வழி. இவையும் தற்காப்புத்தான் என்று இப்போது எங்கள் பாடத்தில் சேர்த்திருக்கிறோம்.

உண்மை என்ற பெயரில் கொடுமை செய்யவும் கூடாது. சில காணொளிகளில் 'ரியலிஸ்ரிக்' என்று போட்டுவிட்டு, புதிதாக வந்தவரைச் சுவரோடு சாத்தி அடிக்கிறார்கள். அதில் அவர் படிப்பது பயம் மட்டும்தான். எங்களிடம் உண்மையான கத்திக்கு இடமே இல்லை, காட்டுவதற்குக்கூட. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், றப்பர் கத்திகூடக் கண்ணைக் கெடுக்கும். மெதுவாகத் தொடங்கி, இருவரும் சம்மதித்தால்தான் வேகம் கூடும். "போதும்" என்ற சொல் கேட்டால் அந்த நொடியே எல்லாம் நிற்கும். யாராவது எழுந்து வெளியே போனால் ஏன் என்று கேட்பதில்லை. கத்தியைக் கண்டவுடன் உறைந்து போகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த மண்ணில் என்னென்ன நடந்தது என்பதைப் பயிற்சிக்காக யாரும் சொல்ல வேண்டியதில்லை. உறைவது கோழைத்தனம் இல்லை, உடம்பின் ஒரு பதில். ஒரு அடி பின்னால் வைத்தால் போதும் என்று தொடங்கினால் அந்த உறைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது.

சேட்டில் கோடு விழும் என்பதை ஏற்றுக்கொண்டால் அடுத்த பாடம் தானாக வரும்: விழுந்த பிறகு என்ன செய்வது? பெரிய இரத்தக் குழாய் வெட்டுப்பட்டால் சில நிமிசங்களில் உயிர் போகலாம். சுத்தமான துணியை வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே, மூட்டில் இல்லாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். குத்தி நிற்கும் கத்தியை இழுக்கவே கூடாது. அதுவே இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். கோப்பித்தூளும் மஞ்சளும் குசினியிலேயே இருக்கட்டும். 1990க்கு அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்துவிட்டது, காசும் இல்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கடைசி அரை மணித்தியாலம் இதற்குத்தான். மணிக்கட்டு முறுக்கைவிட இந்த அரை மணித்தியாலம் யாராவது ஒருவருக்குப் பயன்படும் வாய்ப்பு அதிகம். விபத்தில் அடிபட்டவருக்கும் இதே கை உதவும்.

சட்டத்தையும் ஒரு நாள் இருந்து வாசித்தோம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 89ஆம் பிரிவிலிருந்து தற்காப்புரிமை பற்றி வருகிறது. உங்களைக் காப்பாற்றத் தேவையான அளவுக்கு மேலே தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது. வகுப்பில் காட்டுகிற முடிவு என்ன? பறித்த கத்தியாலேயே திருப்பிக் குத்துவது மாதிரி ஒரு அசைவு. அவன் நிலத்தில் கிடக்கிறான், கத்தி உங்கள் கையில் இருக்கிறது, ஆபத்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிற ஒரு குத்துக்கு நீதிமன்றத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த அசைவை எங்கள் பாடத்திலிருந்து எடுத்துவிட்டோம். பழகிய கை யோசிக்காமல் செய்யும் என்பதால்தானே பழகுகிறோம். அப்படியானால் எதைப் பழகுகிறோம் என்பதில் கவனம் வேண்டாமா?

வாளோடு நாலு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்தால் இதெல்லாம் உதவுமா என்று கேட்பீர்கள். மல்லுக்கு நிற்க உதவாது. அங்கே கேற்றைப் பூட்டுவதும், மதிலேறிக் குதிப்பதும், பக்கத்து வீட்டுக்குள் ஓடுவதும்தான் இருக்கிறது. வெறுங்கையால் நாலு வாளைத் தடுக்கலாம் என்று யாராவது சொல்லித்தந்தால் அந்த வகுப்புக்குப் போகாதீர்கள்.

பழகுகிறவர்கள் இதை வாசிப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் கேட்கிறோம். அடுத்த வகுப்பில் உங்களோடு பழகுபவரிடம், குத்திய கையை நிறுத்தாமல் திருப்பி இழுக்கச் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு இளையவராக இருந்தால் இரண்டு தரம் சொல்லுங்கள். வெள்ளைச் சேட் போட்டுக்கொள்ளுங்கள். வாசல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வையுங்கள், அந்த வாசல் வரைக்கும் ஓடிப் பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த சுற்றில் அவரையும் ஓடச் சொல்லுங்கள்.